வீட்டு நாய், பூனைகளின் நலமும் ஊர் நலமும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

கிராம வளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் சாலை, குடிநீர்க் குழாய், பள்ளிக் கட்டடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. கால்நடை என்றால் கறவை மாடு, ஆடு, கோழி என்ற அளவோடு நின்றுவிடுகிறோம். வாசற்படியில் படுத்திருக்கும் நாயையும் அடுப்படியில் சுருண்டு கிடக்கும் பூனையையும் பற்றி நாம் அரிதாகவே சிந்திக்கிறோம். அவை பால் தருவதில்லை, வண்டி இழுப்பதில்லை, சந்தையில் விலை போவதுமில்லை. ஆயினும் அவற்றின் உடல்நலத்தைக் கவனியாது விட்டால் அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுக் குழந்தைகளே என்பதை எடுத்துக் கூறவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

தமிழகத்தில் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடிக்கு ஆளாயினர். அவ்வாண்டில் 43 பேர் ரேபிஸ் எனப்படும் வெறிநோயால் மாண்டனர். நாற்பத்து மூன்று என்பது சிறிய எண் எனச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்த நோயின் குறிகள் மனித உடலில் வெளிப்பட்ட பின்னர் உயிர் பிழைத்தவர்கள் உலகம் முழுவதிலுமே மிகச் சிலர்தான். கடிபட்ட அன்றே முறைப்படி மருத்துவம் செய்துகொண்டவர்களோ அநேகமாக எவரும் இறப்பதில்லை. வந்தால் மீள முடியாததும், வராமல் தடுப்பது எளியதுமான நோய் இதைப்போல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் இதனால் மடிவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியர்.

யாருடைய நாய்?

திருவாலங்காட்டை இரத்தின சபை அமைந்த தலமாகவும், காரைக்கால் அம்மையாரோடு தொடர்புடைய ஊராகவும் உலகம் அறியும். இந்த வட்டாரத்தில் பணிபுரிவோருக்கு அது கரும்பும் நெல்லும் விளையும் பூமி. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் ஊர். கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகையைக் காக்க ஒரு நாய் வேண்டும்; நெல் மூட்டை அடுக்கிய அறையை எலியிடமிருந்து காக்க ஒரு பூனை வேண்டும். ஆகவே இங்கே நாயும் பூனையும் ஆடம்பரத்துக்காக வளர்க்கப்படுவன அல்ல. அவை வேலை செய்து சோறு உண்பவை.

ஆனால் ஒரு விந்தை உண்டு. கிராம சபைகளில் நாய்த் தொல்லை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "அது எங்கள் நாய் அன்று, ஐயா, எங்கள் வாசலில் கிடக்கும், அவ்வளவுதான்" என்ற விடையையே கேட்கிறோம். இரவில் திருடனைப் பார்த்துக் குரைத்தால் அது நம் நாய். பகலில் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்துவிட்டால் அது தெரு நாய். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கங்களில் இந்த நிலை மேலும் சிக்கலானது. வாடகை அறைகளில் தங்கி ஆலைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் ஆசையாக ஒரு குட்டியை எடுத்து வளர்க்கின்றனர். வேலை மாறி ஊர் மாறும்போது குட்டி அங்கேயே நின்றுவிடுகிறது. கோழி இறைச்சிக் கடைக் கழிவு அதற்கு உணவாகிறது. சாலை அதற்கு வீடாகிறது.

2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இதைத் தெளிவாகவே பிரித்துள்ளன. வளர்ப்புப் பிராணிக்குக் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றைச் செய்விப்பது உரிமையாளரின் பொறுப்பு. தெருவில் வாழும் நாய்களுக்கு அவற்றைச் செய்விப்பது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. விதி இரண்டு வகையைத்தான் அறியும். நம் ஊர்களில் நிறைந்திருப்பதோ இரண்டுக்கும் நடுவிலுள்ள மூன்றாவது வகை. அந்த நடு வகை நாய்க்கு ஊசி போடுவோர் எவருமில்லை. அதோடு விளையாடாத குழந்தையும் இல்லை. என் கருத்தில் இதற்கு நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. எந்தக் கை நாள்தோறும் சோறு போடுகிறதோ, அந்தக் கைக்கு உரியதே அந்த நாய்.

குன்னூரின் கதை

நம் முன்னோர் வெறிநாய்க்கடியைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்ற அறிஞர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தி அவனைக் காப்பாற்றினார். அதற்குப் பின்னும் நெடுங்காலம் தென்னிந்தியாவில் அந்தச் சிகிச்சை கிடைக்கவில்லை. இந்தியாவில் அதற்கென 1900ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிலையம் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இருந்தது. சென்னை மாகாணத்தில் கடிபட்டவர் அவ்வளவு தொலைவு சென்று சேர்வது எளிதா? 1902ஆம் ஆண்டில் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்தார். அச்சாவுக்குப் பிறகே தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது. ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடை உதவ, 1907ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நீலகிரி மலைக் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அது இன்றும் தடுப்பு மருந்துப் பணியில் ஈடுபட்டுள்ளது. பெயரற்ற எத்தனையோ குடியானவர்கள் அதற்கு முன்பே இதே நோயால் மாண்டிருப்பார்கள்; அவர்களுக்காக நிலையம் எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்காலத்து மருந்து செம்மறியாட்டின் மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் சொல்லும் கதை பொய்யன்று. அந்த ஊசி வலி மிகுந்தது; சிலருக்கு நரம்புக் கோளாறையும் உண்டாக்கியது. அதற்கு அஞ்சி மந்திரிக்கவும் பச்சிலை தின்னவும் சென்றவர்கள் பலர். ஆனால் அம்மருந்தின் உற்பத்தி இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்று போடப்படுவது புதுமுறை மருந்து. தோலுக்குள் செலுத்தும் முறையில், முதல் ஊசி போட்ட நாளைச் சுழியாகக் கொண்டு 3, 7, 28ஆம் நாள்களில் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். தமிழகத்தின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இது இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து மாறிவிட்டது, அச்சம் மட்டும் மாறவில்லை. வயது முதிர்ந்தோர் உள்ள வீடுகளில் இச்செய்தியை நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டியது ஊராட்சி உறுப்பினரின் கடமைகளுள் ஒன்று எனக் கருதுகிறேன்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம் ஊசியும் அன்று, தண்ணீரும் சோப்பும்தான். காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுவது நலம். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், காப்பித் தூள், மண்ணெண்ணெய் ஆகிய எதையும் அதன்மேல் அப்பலாகாது. காயம் தோலைக் கிழித்து இரத்தம் வந்திருந்தால் ஊசியுடன் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்த வேண்டும். அதை மருத்துவரே முடிவு செய்வார். ஊசி போட்ட அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னொரு நாள் மீண்டும் கடிபட நேர்ந்தால், முன்பு முழுமையாக ஊசி போட்டுக்கொண்டவருக்குக் குறைந்த ஊசிகளே போதுமானவை.

நாய்க்குப் போடும் ஊசி

மனிதருக்கு ஊசி போடுவது வெள்ளம் வந்த பின்னர் கரையை அடைப்பது போன்றது. நாய்க்கும் பூனைக்கும் போடும் ஊசியே முன்னதாகக் கட்டும் கரை. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசியை முதன்முறை போட வேண்டும். மறு ஊசி எப்போது என்பதைக் கால்நடை மருத்துவர் குறித்துத் தருவார். அதன் பின் ஆண்டுக்கொருமுறை தவறாது போட்டுவர வேண்டும். அந்த ஆண்டுக் கணக்கைத்தான் நம்மவர் மறக்கின்றனர். குட்டியாக இருந்தபோது ஒருமுறை போட்டதை வைத்து, எட்டு வயது நாயைக் காட்டி, ஊசி போட்ட நாய் என்று சொல்பவர்களை அடிக்கடி காண்கிறோம்.

வெறிநோயைத் தவிர, குட்டிகளை வாரிக்கொண்டு போகும் வேறு இரண்டு நோய்களும் உண்டு. ஒன்று பார்வோ வைரஸ் கழிச்சல். 1978ஆம் ஆண்டளவில் உலகின் பல பகுதிகளில் புதிதாகத் தோன்றிய நோய் இது. குட்டி வாந்தியெடுக்கும், துர்நாற்றத்தோடு இரத்தம் கலந்து கழியும், இரண்டு மூன்று நாளில் துவண்டுவிடும். மற்றொன்று டிஸ்டெம்பர். கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, பின்னர் கால் தாடைகள் வெட்டியிழுக்கும். இவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரு கூட்டுத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆனதும் தொடங்கி, நான்கு மாத வயது வரை மூன்று நான்கு வார இடைவெளியில் அதைப் போடுவார்கள். எலிக் காய்ச்சலைத் தடுக்கும் மருந்தும் அதனுடன் சேர்ந்து வருவதுண்டு. கரும்புத் தோட்டமும் நெல் வயலும் எலிவளையும் நிறைந்த நம் பகுதியில் அது வீண் செலவன்று. வாய்க்கால் நீரைக் குடிக்கும் நாய்க்கு எலியின் சிறுநீர் வழியாக அந்நோய் வரும். நாயின் சிறுநீர் வழியாக அது மனிதரையும் பற்றும்.

பார்வோ கண்ட குட்டி இறந்த இடத்தில் அடுத்த குட்டியைக் கொண்டுவந்து கட்டுவோர் உண்டு. அக்கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். சாதாரணச் சோப்புக்கு அது அடங்காது. பிளீச்சிங் பவுடருக்கு அடங்கும். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்காக வாங்கி வைத்துள்ள அதே பொருள்தான். அதில் ஒரு கைப்பிடி இதற்கும் உதவினால் தணிக்கையாளர் கோபிக்க மாட்டார்.

எலும்பு சிக்கியது என்று எண்ணி...

வெறிநோய் கண்ட நாய் என்றதும் வாயில் நுரை தள்ள, கண்டவரையெல்லாம் கடித்து ஓடும் நாயையே நாம் கற்பனை செய்கிறோம். அது ஒரு வகை மட்டுமே. மற்றொரு வகையில் நாய் சாதுவாகிவிடும். இருட்டு மூலையைத் தேடிப் படுக்கும், குரல் மாறும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க இயலாமல் தவிக்கும். பார்ப்பவர்கள் தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி, இரக்கத்தோடு வாய்க்குள் கையை விடுவார்கள். எச்சிலில் கிருமி உண்டு. விரலில் ஒரு சிறு கீறல் இருந்தால் போதும். கடித்தால்தான் நோய் என்று நினைத்து அவர்கள் மருத்துவமனைக்கும் போவதில்லை.

மாட்டிலும் இதே ஏமாற்றம் நேர்கிறது. வெறிநாய் கடித்த பசு சில வாரங்களுக்குப் பிறகு தீனி எடுக்காது, குரல் கம்மிக் கதறும், எச்சில் ஒழுகும். மாங்கொட்டையோ பிளாஸ்டிக் பையோ தொண்டையில் அடைத்துக்கொண்டது என்று கையை விடுவதும், மூங்கில் குழாயால் மருந்து புகட்டுவதும் நம் வழக்கம். அவ்வாறு கண்ட மாட்டை ஒதுக்கிக் கட்டிவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். நாய் கடித்த மாட்டை நோய் காணும் முன்னரே காட்டினால் அதற்கும் ஊசி உண்டு என்பதைப் பலர் அறியார்.

கடித்த நாயை உடனே அடித்துக் கொல்வதும் தவறு. அதைக் கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். கடிக்கும்போது எச்சிலில் கிருமி இருந்திருந்தால் அந்த நாய் பத்து நாளுக்குள் நோய்ப்பட்டு இறக்கும். நலமாக இருந்தால் கடித்த அன்று நோய் இல்லை என்பது உறுதி. எனினும் அந்தப் பத்து நாளும் பார்த்துக்கொண்டு கடிபட்டவர் சும்மா இருத்தல் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். நாய் நலமாயிருந்தால் பின்னர் என்ன செய்வதென மருத்துவர் சொல்வார்.

புழுவும் உண்ணியும்

வெறிநோயைப்போல் அச்சம் தராததால் புழுவை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நம் வீட்டு நாய்களை நாள்தோறும் வாட்டுவது அதுதான். உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் புகுந்துவிடுகிறது. கொக்கிப் புழு தாய்ப்பால் வழியாகவும் வருகிறது. வயிறு பானைபோல் உப்பி, உடல் மெலிந்து, மயிர் பொலிவிழந்த குட்டியைப் பார்த்துச் சோறு அதிகம் தின்கிறது என்று மகிழ்வோரும் உண்டு. பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கி மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கொருமுறையும், ஆறு மாதம் வரை மாதமொருமுறையும், அதன் பிறகு மூன்று மாதத்துக்கொருமுறையும் குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும். அளவு உடல் எடையைப் பொறுத்தது. ஆட்டுக்கு வாங்கிய மருந்தைக் குத்துமதிப்பாக ஊற்றுவது கூடாது.

நாய் கழிந்த மணலில் குழந்தை விளையாடினால் அப்புழுவின் முட்டைகள் நகக்கண் வழியாக வயிற்றுக்குச் செல்கின்றன; புழுக்குஞ்சுகள் ஈரலிலும், சில வேளை கண்ணிலும் சென்று தங்குகின்றன. அங்கன்வாடி முற்றத்திலும் பள்ளி மணலிலும் நாய் புகாதபடி வேலி அமைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. இன்னொரு செய்தியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுக்கும் இடத்தில், ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி கண்ட பகுதியை அறுத்து அங்கு நிற்கும் நாய்க்கு எறிவதைக் காணலாம். அக்கட்டியிலிருந்து நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்கிறது. அதன் முட்டை மனிதர் வயிற்றில் சென்றால் அதே நீர்க்கட்டி மனிதரின் ஈரலில் உண்டாகிறது. அறுவை செய்து எடுக்க வேண்டி வரும். அத்தகைய கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைக்கும்படி இறைச்சிக் கடைக்காரர்களுக்கு ஊராட்சி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

உண்ணியைப் பொறுத்தவரை, நம்மவர் நாயைப் பார்க்கின்றனர், சுவரைப் பார்ப்பதில்லை. இரத்தம் குடித்துப் பருத்த உண்ணி நாயிலிருந்து விழுந்து சுவரிடுக்கிலும் கீற்றுக் கொட்டகை மூங்கிலிலும் முட்டையிடுகிறது. இடுக்குகளைப் பூசி அடைத்து, நாய் படுக்குமிடத்துச் சாக்கை வாரமொருமுறை மாற்றி எரித்தாலன்றி உண்ணி ஒழியாது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் உண்ணாது, ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும். காலத்தில் மருந்து கொடுத்தால் பிழைக்கும். மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, டிராக்டரிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் இவற்றை உண்ணிக்கும் சொறிக்கும் பூசுவது பரவலாக உள்ளது. நாய் தன் உடலை நக்கும். அதுவே அதற்கு நஞ்சாகும். பல நாய்கள் சொறியால் சாவதில்லை, சொறி மருந்தால் சாகின்றன.

உணவு

நாய்க்குச் சோறு போதும் என்பது பாதி உண்மை. சோறோ கேழ்வரகுக் களியோ கொடுங்கள். அத்துடன் வேகவைத்த பருப்பு, முட்டை, மீன், இறைச்சித் துண்டு இவற்றில் ஏதேனும் ஒன்றும் நாள்தோறும் சேர வேண்டும். வெந்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம் மிகுந்த குழம்புச் சோறு நாய்க்கும் பூனைக்கும் இரத்தத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு ஆகா. பிறந்தநாள் கொண்டாடும் வீடுகளில் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். இவை எல்லாவற்றினும் முக்கியமானது தண்ணீர். சித்திரை வெயிலில் சங்கிலியில் கட்டிய நாய்க்கு எட்டும் தொலைவில் நிழலும், கவிழாத ஒரு மண்சட்டியில் நீரும் இருத்தல் வேண்டும். சங்கிலியும் நாய் திரும்பிப் படுக்கும் அளவுக்கேனும் நீளமாக இருக்கட்டும். ஒரு முழக் கயிற்றில் பகலெல்லாம் கட்டிய நாயே அவிழ்த்ததும் கடிக்கிறது.

பூனை

பூனை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையால் அதை நாயினும் அதிகமாகப் புறக்கணித்துள்ளோம். பூனைக்குப் பால் வைப்பதே அன்பு என எண்ணுகிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகிறது. பூனை இயற்கையாலேயே ஊன் உண்ணும் பிராணி. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் பார்வையும் இதயமும் கெடும். பால்சோறு மட்டும் உண்டு வளரும் பூனை எலி பிடித்து அக்குறையைத் தீர்த்துக்கொள்கிறது. அதனால்தான் வீட்டில் எலிமருந்து வைப்பது பூனைக்கு ஆபத்து. மருந்துண்டு மயங்கிய எலியைத்தான் அது முதலில் பிடிக்கும். பூனை உள்ள வீட்டில் எலிப்பொறியே தகும்.

காய்ச்சலென்று மனிதர் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய் உண்ணிக்கென விற்கும் சில மருந்துகளும் பூனைக்கு நஞ்சு. பூனைக்கும் வெறிநோய் வரும். அதன் கடியையும் கீறலையும் நாய்க்கடி போலவே கருத வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், எட்டு வாரத்தில் தொடங்கிப் பூனைகளுக்குரிய கூட்டுத் தடுப்பூசியும் போடலாம்.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. அவ்வளவு தேவையில்லை. டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி பூனையின் மலத்தில் வெளிவருவது உண்மை; கருவைப் பாதிக்கக் கூடியதும் உண்மை. ஆனால் மலம் விழுந்து ஒரு நாளாவது சென்ற பின்னரே அது தொற்றும் நிலையை அடையும். ஆகவே வீட்டில் வேறொருவர் அன்றாடம் மலத்தை அள்ளிப் புதைத்துவிட்டால் போதும். கருவுற்றவர் தோட்ட மண்ணைக் கிளறிய பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், கீரை காய்களைக் கழுவிச் சமைப்பதும், இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்பதும் பூனையை விரட்டுவதினும் பயன் தரும்.

குட்டிகள்

நாய் ஏறக்குறைய 63 நாள் சினை தாங்கும். ஆண்டில் இருமுறை பருவத்துக்கு வரும். ஓர் ஈற்றில் நாலைந்து குட்டி சாதாரணம். பூனை ஐந்து மாத வயதிலேயே சினைப்படக் கூடும். ஆண்குட்டியை யாரேனும் கேட்டு வாங்கிக்கொள்வர். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ சந்தைமேட்டிலோ விட்டு வருவது பாவம் என்று அறிந்தே செய்கிறோம். பிழைத்தவை அடுத்த ஆண்டின் தெரு நாய்கள். தெரு நாய் வானத்திலிருந்து விழுவதில்லை. பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்வித்தால் இத்துயரம் நிற்பதோடு, முதிர்ந்த வயதில் வரும் கருப்பைச் சீழும் வராது. ஒரு முறையாவது ஈன்றால்தான் பெட்டைக்கு நலம் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை.

ஊராட்சி செய்யக் கூடியது

ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோய்ச் சங்கிலி அறுபடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுள்ள கணக்கு. கோவா மாநிலத்தில் 2014 முதல் வீடுவீடாகவும் தெருத்தெருவாகவும் ஊசி போட்டனர். 2018 முதல் சில ஆண்டுகள் அங்கே மனிதச் சாவே நேரவில்லை. 2021இல் அம்மாநிலம் ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாய் வழி வரும் ரேபிஸை 2030க்குள் ஒழிப்பதென இந்திய அரசும் 2021 செப்டம்பரில் செயல்திட்டம் வெளியிட்டுள்ளது. டில்லியில் வெளியான திட்டம் நம் தெருவுக்கு வர வேண்டுமானால் முதலில் நம் தெருவில் எத்தனை நாய் என்பது தெரிய வேண்டும். எழுபது விழுக்காடு என்றால் எதில் எழுபது?

ஆகவே ஒரு பதிவேடு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். வார்டு, தெரு, சோறு போடுபவர் பெயர், நாயின் நிறம், ஆணா பெட்டையா, ஊசி போட்ட நாள், அடுத்த நாள். மகளிர் சுய உதவிக் குழுவினர் இரண்டு மாலைப் பொழுதில் இதை முடித்துவிடுவர். "உங்கள் நாயா" என்று கேட்டால் இல்லை என்பர். "சோறு போடுபவர் யார்" என்று கேளுங்கள், விடை வரும்.

ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களையொட்டிக் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் இலவசத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். பின்னது பாஸ்டர் மறைந்த நாள். முகாம் நேரத்தை ஊராட்சியே கால்நடை உதவி மருத்துவரோடு கலந்து முடிவு செய்வது நல்லது. காலை பதினொரு மணிக்கு வைத்தால் ஆண்கள் ஆலையிலும் பெண்கள் வயலிலும் இருப்பர். நாயைப் பிடித்து வர எட்டு வயதுப் பிள்ளைதான் வீட்டிலிருக்கும். விடியற்காலை ஆறு மணி தகுந்தது. பெரியவர் ஒருவரே நாயைப் பிடித்து வர வேண்டும். வாயை மெல்லிய துணியால் கட்டிக்கொள்ளலாம். ஊசி போட்ட நாயின் நெற்றியில் வண்ணம் தடவி விடுங்கள். கோவாவில் அவ்வாறே செய்தனர். எது விட்டுப்போயிற்று என்பது தெருவில் நடந்து சென்றாலே தெரியும். விட்டுப்போனவற்றின் பட்டியலை அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் படித்தால், யார் வீட்டு வாசல் என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

பதிவேட்டின் கடைசியில் பூனைக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முகாமுக்குப் பூனை வராததற்குக் காரணம், அதைத் தூக்கி வர வழி தெரியாமையே. கோழி கவிழ்க்கும் கூடை இரண்டை வாயோடு வாய் சேர்த்துக் கட்டினால் நல்ல பூனைக் கூண்டாகும். மேலே ஈரத் துணியொன்றைப் போர்த்தினால் இருட்டில் அது அமைதியாக இருக்கும்.